கொலாஜன் முச்சுருள்: சென்னையில் உருவான ஒரு கட்டமைப்பின் வரலாறு

கொலாஜன் முச்சுருள் என்பது தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றின் அடிப்படைப் புரதமான கொலாஜனின் மூலக்கூறு அமைப்பு. மூன்று புரதச் சங்கிலிகள் கயிற்றின் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றி அமைந்த வடிவம் இது. 1954-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையைச் சேர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் இதை முன்வைத்தனர். இந்த அமைப்பின் நுணுக்கங்கள் குறித்து இங்கிலாந்திலிருந்து எழுந்த மறுப்புக்கு விடை தேடும் முயற்சியில், 1963-ல் அதே துறையில் ராமச்சந்திரன் வரைபடம் உருவானது. இன்று உலகில் எங்கு ஒரு புரதத்தின் அமைப்பு கண்டறியப்பட்டாலும் அது சரிதானா என்று பார்க்க அந்த வரைபடம் பயன்படுகிறது.

தோலும் கொலாஜனும்

பாலூட்டிகளின் உடலில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜன். கிரேக்க மொழியில் பசையைக் குறிக்கும் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. விலங்குத் தோலையும் எலும்பையும் நீரில் நெடுநேரம் கொதிக்க வைத்தால் கிடைக்கும் வச்சிரப் பசை, தச்சர்கள் பலகைகளை ஒட்டப் பல நூற்றாண்டுகளாகப் பயன்படுத்தியது. அது சிதைந்த கொலாஜனே. ஜெலட்டின் என்பதும் அதன் தூய வடிவம்.

தோல் பதனிடும் தொழிலின் மூலப்பொருளும் கொலாஜன்தான். பச்சைத் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து முடியையும் பிற புரதங்களையும் நீக்கியபின் எஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன் இழைகளின் பின்னல். அதைப் பதப்படுத்தாமல் விட்டால் அழுகிவிடும். நீரில் வைத்துச் சூடேற்றினால் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை செல்சியசில் திடீரென்று சுருங்கும். ஆவாரம் பட்டை, கடுக்காய் போன்றவற்றால் பதனிட்டால் இந்தச் சுருங்கும் வெப்பநிலை உயர்கிறது. குரோமிய உப்பால் பதனிட்டால் கொதிநீரையும் தாங்குகிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் பதனிடுவோர் இந்த வேறுபாட்டை அனுபவத்தால் அறிந்திருந்தனர். ஆனால் சூட்டில் தோல் ஏன் சுருங்குகிறது, பதனிடும் பொருள் உள்ளே எதைப் பற்றிக்கொள்கிறது என்பதை விளக்க மூலக்கூறின் வடிவம் தெரிய வேண்டியிருந்தது.

சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1948 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டது. சர்தார் பட்டேல் சாலையில் அமைந்த இந்நிறுவனமும், அதன் அருகே கிண்டியில் அமைந்த சென்னைப் பல்கலைக்கழக வளாகமும் சேர்ந்துதான் கொலாஜன் ஆய்வுக்குக் களமாயின.

கிண்டியில் ஓர் ஆய்வகம்

கோபாலசமுத்திரம் நாராயண ஐயர் ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தை அங்கிருந்த மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த ராமச்சந்திரன், 1942-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சி. வி. ராமன் அவரை இயற்பியலுக்கு இழுத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் டபிள்யூ. ஏ. வூஸ்டரிடம் ஆய்வு செய்து 1949-ல் முனைவர் பட்டம் பெற்றார். படிகங்களில் எக்ஸ் கதிர்கள் சிதறுவதைக் கொண்டு அவற்றின் மீள்தன்மையை அளப்பது அவருடைய ஆய்வுப் பொருள். அதாவது, உயிரியலோடு தொடர்பில்லாத பொருளறிவியலில்தான் அவர் பயிற்சி பெற்றார்.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார். 1942 முதல் 1969 வரை அப்பதவியில் இருந்த அவர், பல்கலைக்கழகம் தேர்வு நடத்தும் அமைப்பாக மட்டும் இல்லாமல் ஆய்வு நடக்கும் இடமாகவும் இருக்க வேண்டும் என்று விரும்பினார். கிண்டியில் புதிதாகத் தொடங்கிய இயற்பியல் துறைக்குத் தலைவராக ராமனின் பரிந்துரையின்பேரில் ராமச்சந்திரன் 1952-ல் அழைக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான்.

புதிய துறையில் எக்ஸ் கதிர் ஆய்வகம் ஒன்று அமைக்கப்பட்டது. ஆய்வுக்கு நிறைய பொருள்கள் இருந்தன. ஆனால் துறைக்குப் பெயர் பெற்றுத் தரக்கூடிய ஒரு பெரிய கேள்வி தேவைப்பட்டது.

பெர்னாலின் தூண்டுதல்

புரதப் படிகங்களின் எக்ஸ் கதிர் ஆய்வைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவரான இங்கிலாந்து அறிஞர் ஜே. டி. பெர்னால் அக்காலத்தில் சென்னைக்கு வந்தார். கொலாஜனுக்கு அதுவரை சொல்லப்பட்ட அமைப்புகள் எதுவும் நிறைவளிக்கவில்லை என்று உரையாடலில் குறிப்பிட்டார். ராமச்சந்திரன் அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார்.

அது எளிய கேள்வி அல்ல. வில்லியம் ஆஸ்ட்பரி முன்பே ஓர் அமைப்பைச் சொல்லியிருந்தார். 1951-ல் லைனஸ் பாலிங்கும் ராபர்ட் கோரியும் ஆல்ஃபா சுருளை வெளியிட்ட அதே காலத்தில் கொலாஜனுக்கும் மூன்று சங்கிலிகள் கொண்ட ஓர் அமைப்பை முன்வைத்தனர். ஆல்ஃபா சுருள் நிலைத்தது. கொலாஜன் அமைப்பு எக்ஸ் கதிர்ப் படங்களோடு பொருந்தவில்லை.

சிக்கலுக்குக் காரணம் கொலாஜனின் இயல்பு. உப்பைப் போலவோ சர்க்கரையைப் போலவோ அது படிகமாவதில்லை. இழையாகவே இருக்கிறது. படிகத்தின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் நூற்றுக்கணக்கான கூர்மையான புள்ளிகள் கிடைக்கும். அவற்றின் வலிமையை அளந்து அணுக்களின் இடங்களைக் கணக்கிடலாம். இழையிலிருந்து கிடைப்பது சில மங்கலான வளைவுகள் மட்டுமே. அவற்றிலிருந்து நேராக அமைப்பைக் கணக்கிட முடியாது. ஓர் அமைப்பை ஊகித்து, மாதிரி செய்து, அது எத்தகைய படத்தைத் தரும் என்று கணக்கிட்டு, உண்மைப் படத்தோடு ஒப்பிட வேண்டும். 1953-ல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளும் இந்த வழியில்தான் கண்டறியப்பட்டது.

ராமச்சந்திரனுடன் இந்த ஆய்வில் இணைந்தவர் கேரளத்தில் பிறந்த கோபிநாத் கர்த்தா. தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்தது கொலாஜன் மாதிரிகளைப் பெற உதவியாக இருந்தது. பல மாதிரிகளில் கங்காரு வாலின் தசைநாண் தெளிவான படங்களைத் தந்தது. தசைநாணில் கொலாஜன் இழைகள் ஒரே திசையில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். தோலில் அவை குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கின்றன.

1954: மூன்று சங்கிலிகள்

ராமச்சந்திரனும் கர்த்தாவும் படத்தோடு வேதியியல் செய்தி ஒன்றையும் சேர்த்து யோசித்தனர். கொலாஜனின் அமினோ அமிலங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று கிளைசின். மற்ற புரதங்களில் இவ்வளவு கிளைசின் இல்லை. கிளைசின்தான் அமினோ அமிலங்களில் மிகச் சிறியது. அதன் பக்கக் கிளையில் ஒரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு. இந்த மூன்றில் ஒன்று என்பது தற்செயலாக இருக்க முடியாது என்று அவர்கள் கருதினர்.

மூன்று சங்கிலிகள் அருகருகே சுருண்டு செல்கின்றன என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றாவது இடம் தோறும் வரும் அமினோ அமிலம் நடு அச்சை நோக்கி அமையும். அங்கே இடம் மிகக் குறைவு. கிளைசின் தவிர வேறெதுவும் அந்த இடத்தில் அடங்காது. ஆகவே மூன்றில் ஒன்று கிளைசினாக இருந்தே ஆக வேண்டும். வேதியியல் கணக்கும் வடிவமும் ஒன்றையொன்று விளக்கின. பக்கத்துச் சங்கிலிகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்தன.

இந்த அமைப்பை விவரிக்கும் குறுங்கட்டுரை 1954 ஆகஸ்ட் 7 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியானது. இரட்டைச் சுருள் குறித்த கட்டுரை அதே இதழில் வந்து பதினைந்து மாதங்களே ஆகியிருந்தன. துறை தொடங்கி இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன.

1955: கயிறு முறுக்கப்பட்டது

முதல் அமைப்பில் மூன்று சுருள்களும் நேராக, தனித்தனியாக நின்றன. ஒரு சுற்றுக்கு மூன்று அமினோ அமிலங்கள். ஆனால் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கூர்ந்து அளந்தபோது, ஒரு சுற்றுக்கு மூன்றுக்குச் சற்று அதிகம் என்று தெரிந்தது. மூன்று சுற்றுகளில் பத்து அமினோ அமிலங்கள் என்பது பொருத்தமாக இருந்தது.

இந்தச் சிறு மிகையை எப்படி விளக்குவது? மூன்று சங்கிலிகளையும் ஒரு பொது அச்சைச் சுற்றி மெதுவாக முறுக்கினால் விடை கிடைத்தது. ஒவ்வொரு சங்கிலியும் தனக்குள் இடப்பக்கமாகச் சுருள்கிறது. மூன்றும் சேர்ந்து வலப்பக்கமாக ஒன்றையொன்று சுற்றுகின்றன. கயிறு திரிப்போர் புரியை ஒரு பக்கமும் கயிற்றை எதிர்ப்பக்கமும் முறுக்குவது போன்றது இது. எதிரெதிர் முறுக்குகள் ஒன்றையொன்று அவிழவிடாமல் தடுப்பதால்தான் கயிறு இழுவையைத் தாங்குகிறது. தசைநாணின் வலிமைக்கும் இந்த அமைப்பு துணை செய்கிறது. முறுக்கிய இந்தச் சுருள் மேல் சுருள் வடிவம் 1955 செப்டம்பர் 24 தேதியிட்ட நேச்சர் இதழில் வெளியானது.

ஒரு பிணைப்பா, இரண்டா?

அதே ஆண்டு நவம்பரில் நேச்சர் இதழில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் இருவரும் கொலாஜனின் அமைப்பு குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். இலண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழுவும் அந்த ஆண்டிலேயே தன் அமைப்பை வெளியிட்டது. மூன்று சங்கிலிகள், சுருள் மேல் சுருள் என்ற அடிப்படைக் கருத்தை ரிச்சும் கிரிக்கும் ஏற்றனர். ஆனால் சென்னை அமைப்பின் நுணுக்கங்கள் தவறு என்றனர்.

மறுப்பின் மையம் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கை. மூன்று அமினோ அமிலங்கள் கொண்ட ஒவ்வோர் அலகுக்கும் இரண்டு ஹைட்ரஜன் பிணைப்புகள் உண்டு என்று ராமச்சந்திரனும் கர்த்தாவும் சொல்லியிருந்தனர். இரண்டு பிணைப்புகள் அமைய வேண்டுமானால் சங்கிலிகள் மிக நெருங்கியாக வேண்டும். அப்போது சில அணுக்கள் இயற்கையில் இருக்க முடியாத அளவுக்கு ஒன்றையொன்று இடிக்கும். ஆகவே ஓர் அலகுக்கு ஒரு பிணைப்பே சாத்தியம் என்பது ரிச், கிரிக் இருவரின் வாதம். அவர்களுடைய அமைப்பில் சங்கிலிகள் சற்று விலகி நின்றன.

வெளிப்பார்வைக்கு இது சிறிய வேறுபாடு. ஆனால் பாடநூல்களில் அமைப்பு யார் பெயரில் இடம்பெறும் என்பது இதைச் சார்ந்திருந்தது. டி.என்.ஏ. அமைப்பால் புகழ்பெற்ற கிரிக் ஒரு பக்கம். புதிதாகத் தொடங்கிய ஓர் இந்தியத் துறை மறுபக்கம். மேலை நாட்டு நூல்கள் பலவற்றில் ரிச், கிரிக் அமைப்பே முதன்மையாக விளக்கப்பட்டது.

அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்?

ராமச்சந்திரன் மறுப்பை மறுத்து எழுதுவதோடு நிற்கவில்லை. மறுப்புக்கு அடியில் இருந்த கேள்வியை எடுத்துக்கொண்டார். பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம் வரை நெருங்க முடியும்? அதிக நெருக்கம் என்று சொல்வதற்கு எது அளவுகோல்?

அதற்கு அப்போது ஒரே சீரான விடை இல்லை. எனவே சென்னைக் குழு அதுவரை வெளியான அமினோ அமிலங்கள், சிறிய பெப்டைடுகள் போன்றவற்றின் படிக அமைப்புகளைத் தேடித் தொகுத்தது. அவற்றில் கார்பனும் கார்பனும், கார்பனும் ஆக்சிஜனும், ஹைட்ரஜனும் ஹைட்ரஜனும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பட்டியலிட்டது. ஒவ்வோர் இணைக்கும் இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. ஒன்று வழக்கமான எல்லை. மற்றொன்று அரிதாகவே தாண்டப்படும் கடைசி எல்லை. எடுத்துக்காட்டாக, இரண்டு கார்பன் அணுக்களுக்கு வழக்கமான எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம், கடைசி எல்லை 3.0 ஆங்ஸ்ட்ராம். இரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு அவை முறையே 2.0, 1.9 ஆங்ஸ்ட்ராம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

இந்த அளவுகோல் கையில் வந்ததும் கேள்வி விரிந்தது. கொலாஜனுக்கு மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? எந்தப் புரதச் சங்கிலிக்கும் எந்த வடிவங்கள் சாத்தியம், எவை சாத்தியமில்லை என்று முழுமையாகவே கணக்கிடலாமே?

ராமச்சந்திரன் வரைபடம்

புரதச் சங்கிலி என்பது தட்டையான பெப்டைடு அலகுகள் அடுத்தடுத்துக் கோக்கப்பட்ட மாலை. ஒவ்வோர் அலகும் விறைப்பானது, முறுக்க முடியாது. இரண்டு அலகுகள் சேரும் இடத்தில் ஆல்ஃபா கார்பன் எனப்படும் ஓர் அணு உண்டு. சங்கிலி திரும்புவது அந்த அணுவின் இரு பக்கங்களிலும் உள்ள பிணைப்புகளில்தான். ஒரு பக்கத்துச் சுழற்சிக் கோணம் ஃபை, மறுபக்கத்துச் சுழற்சிக் கோணம் சை என்று இன்று குறிக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஆல்ஃபா கார்பனிலும் இந்த இரண்டு கோணங்கள் தெரிந்தால் சங்கிலியின் முழு வடிவமும் தெரிந்துவிடும்.

ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் இந்த இரு கோணங்களை மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொரு நிலையிலும் அணுக்களுக்கிடையே உள்ள தூரங்களைக் கணக்கிட்டனர். ஏதேனும் ஓர் இணை எல்லையை மீறினால் அந்த நிலை தள்ளப்பட்டது. கோணங்களைப் பத்துப் பத்துப் பாகையாக நகர்த்தினால்கூட 1296 நிலைகள் வரும். ஒவ்வொரு நிலையிலும் பல அணு இணைகளைச் சரிபார்க்க வேண்டும். இன்று கணினி நொடிப்பொழுதில் செய்யும் இந்த வேலை, அன்று மேசைக் கணக்கிடும் பொறிகளைக் கொண்டு கையால் செய்யப்பட்டது.

முடிவுகளை ஒரு சதுரத்தில் குறித்தனர். கிடை அச்சில் ஒரு கோணம், நெடுக்கு அச்சில் மற்றொரு கோணம். சதுரத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருந்தது. கிளைசின் அல்லாத அமினோ அமிலங்களுக்குக் கடைசி எல்லை வரை அனுமதித்தாலும் மொத்தப் பரப்பில் கால் பங்குக்கும் குறைவான இடமே கிடைத்தது. அந்தச் சிறு தீவுகளுக்குள் ஆல்ஃபா சுருள் இருந்தது, பீட்டா தகடு இருந்தது, கொலாஜன் சங்கிலியும் இருந்தது. பக்கக் கிளை இல்லாத கிளைசினுக்கு மட்டும் தீவுகள் மிகப் பெரிதாக இருந்தன.

எண்ணற்ற வடிவங்களை எடுக்கலாம் என்று தோன்றும் புரதச் சங்கிலிக்கு, உண்மையில் மிகச் சில வடிவங்களே சாத்தியம் என்பதை இந்தப் படம் ஒரே பார்வையில் காட்டியது. அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கக்கூடாது என்ற ஒரே விதிதான் இதற்கு அடிப்படை. ஐந்து பக்கங்களே கொண்ட இந்தக் கட்டுரை 1963-ல் மூலக்கூறு உயிரியலுக்கான ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. முழுமையாகக் கண்டறியப்பட்ட புரத அமைப்புகள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதன்பின் வந்த அமைப்புகள் பெரும்பாலும் இந்தத் தீவுகளுக்குள்ளேயே அமைந்தன.

ஒரு பள்ளி உருவாதல்

1950களிலும் 1960களிலும் கிண்டித் துறை கொலாஜனில் மட்டும் ஈடுபடவில்லை. படிக அமைப்பைக் கண்டறிய உதவும் முரணியல் சிதறல் முறையில் ராமச்சந்திரனும் எஸ். ராமன் என்ற மாணவரும் 1956-ல் முக்கியமான பங்களிப்பைச் செய்தனர். இவர் சி. வி. ராமன் அல்லர். ஆர். சீனிவாசனுடன் இணைந்து ராமச்சந்திரன் எழுதிய படிகவியலில் ஃபூரியே முறைகள் குறித்த நூல் 1970-ல் வெளியானது.

1963 ஜனவரியில் புரத அமைப்பு குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கு சென்னையில் நடந்தது. 1967 ஜனவரியில் உயிர்ப் பெருமூலக்கூறுகளின் வடிவங்கள் குறித்து இன்னொன்று நடந்தது. இத்துறையில் பணியாற்றிய பல நாட்டு அறிஞர்கள் கிண்டிக்கு வந்தனர். பல்கலைக்கழக மானியக் குழு இத்துறையை உயர் ஆய்வு மையமாக ஏற்றது.

இதே காலத்தில் சென்னையில் இயற்பியலின் இன்னொரு கிளையும் வளர்ந்தது. மயிலாப்பூரில் அல்லாடி ராமகிருஷ்ணனின் வீடான ஏகாம்ர நிவாசத்தில் நடந்த கோட்பாட்டு இயற்பியல் வகுப்புகளின் தொடர்ச்சியாக 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. ஒன்று கருவிகளோடும் அளவீடுகளோடும் தொடங்கியது, மற்றது கரும்பலகையோடு. இரண்டும் பத்தாண்டு இடைவெளிக்குள் ஒரே நகரில் தொடங்கின.

கலைந்து சென்றோர்

கர்த்தா அமெரிக்கா சென்றார். பஃபலோ நகரின் ராஸ்வெல் பார்க் நிறுவனத்தில் டேவிட் ஹார்க்கருடன் பணியாற்றி, 1967-ல் ரிபோநியூக்ளியேஸ் என்ற நொதியின் அமைப்பைக் கண்டறிந்த மூவரில் ஒருவரானார். முச்சுருள் கட்டுரைகளில் சம பங்காளியான அவரது பெயர் பொது எழுத்துகளில் அரிதாகவே குறிப்பிடப்படுகிறது. அவர் 1984-ல் மறைந்தார்.

லட்சுமணசுவாமி முதலியார் 1969-ல் துணைவேந்தர் பதவியிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு ராமச்சந்திரனும் சென்னையை விட்டுப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குச் சென்று மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தொடங்கினார். சசிசேகரனும் ராமகிருஷ்ணனும் பின்னர் அங்கே பணியாற்றினர். கிண்டியில் துறை தொடர்ந்து நடந்தது. இன்று அது படிகவியல் மற்றும் உயிர் இயற்பியல் துறை என்ற பெயரில் இயங்குகிறது.

1971-ல் ராமச்சந்திரன், ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல கோணங்களில் எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களிலிருந்து முப்பரிமாண உருவத்தை எளிய கணக்கீட்டால் மீட்கும் முறையை வெளியிட்டார். சி.டி. ஸ்கேன் படங்களைக் கணக்கிடும் மென்பொருள்களில் அவர்கள் இருவரின் பெயர்களைச் சுருக்கி ராம்-லாக் வடிப்பான் என்றே இன்றும் வழங்கப்படுகிறது. படிகத்தில் கற்ற கணிதம் மருத்துவமனைக்குப் பயன்பட்டது. 1977-ல் அவர் இலண்டன் ராயல் கழகத்தின் உறுப்பினரானார். படிகவியலின் உயர்ந்த விருதான எவால்ட் பரிசை 1999-ல் பெற்றார். நோபல் பரிசு அவருக்கு வழங்கப்படவில்லை. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் மறைந்தார்.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த விடை

ஒரு பிணைப்பா, இரண்டா என்ற கேள்விக்கு இழைப் படங்களால் உறுதியான விடை தர முடியவில்லை. ராமச்சந்திரன் தம் நிலையை ஒருமுறை திருத்திக்கொண்டார். 1968-ல் ஆர். சந்திரசேகரனுடன் எழுதிய கட்டுரையில், இரண்டாவது இணைப்பு நேரடியாக இல்லாமல் ஒரு நீர் மூலக்கூறின் வழியாக அமையலாம் என்று முன்மொழிந்தார்.

1994-ல் அமெரிக்காவில் ஜோர்டி பெல்லா, பார்பரா பிராட்ஸ்கி, ஹெலன் பெர்மன் முதலியோர் கொலாஜனைப் போன்ற சிறு பெப்டைடு ஒன்றைப் படிகமாக்கி அதன் அமைப்பை 1.9 ஆங்ஸ்ட்ராம் நுட்பத்தில் வெளியிட்டனர். முதல்முறையாக முச்சுருளை அணு அணுவாகப் பார்க்க முடிந்தது. மூன்று சங்கிலிகள், சுருள் மேல் சுருள், நடு அச்சில் கிளைசின் என்று சென்னையில் சொன்ன அடிப்படைகள் சரியாக இருந்தன. நேரடி ஹைட்ரஜன் பிணைப்பு ஓர் அலகுக்கு ஒன்றே என்று ரிச்சும் கிரிக்கும் சொன்னதும் சரியாக இருந்தது. சங்கிலிகளைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் ஒழுங்காக அமைந்து பாலங்களாகப் பிணைத்திருந்ததும் தெரிந்தது. சுருளின் இறுக்கம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல, அமினோ அமில வரிசைக்கேற்ப மாறக்கூடும் என்பதும் பிந்தைய ஆய்வுகளில் புலப்பட்டது.

அந்தப் பெப்டைடில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே ஒரு கிளைசினை அலனினாக மாற்றியிருந்தனர். ஒரே ஒரு சிறு மாற்றம் அந்த இடத்தில் சங்கிலிகளை விலக்கி நேரடிப் பிணைப்புகளைக் குலைத்தது. எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய் ஒன்று, கொலாஜனில் கிளைசினுக்குப் பதில் வேறு அமினோ அமிலம் வருவதால் பெரும்பாலும் உண்டாகிறது. நடு அச்சில் கிளைசின் மட்டுமே அடங்கும் என்று 1954-ல் சொன்னதன் மருத்துவப் பொருள் இது. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயின் காரணமும் முச்சுருளில் உண்டு. புரோலின் ஹைட்ராக்சிபுரோலினாக மாற அந்த வைட்டமின் தேவை. அது நடக்காவிட்டால் சுருள் உடல் வெப்பத்தில் நிலைக்காது. ஈறுகளும் இரத்தக் குழாய்களும் பலம் இழக்கும்.

தோல் தொழிலின் பழைய கேள்விக்கும் விடை கிடைத்தது. சூடேற்றும்போது ஹைட்ரஜன் பிணைப்புகள் அறுந்து முச்சுருள் அவிழ்கிறது. நீண்டு விறைத்திருந்த மூலக்கூறு தளர்ந்து சுருண்டுகொள்கிறது. தோல் சுருங்குவது இதனால்தான். பதனிடும் பொருள்கள் சங்கிலிகளுக்கிடையே கூடுதல் இணைப்புகளை ஏற்படுத்தி இந்த அவிழ்தலைத் தள்ளிப்போடுகின்றன.

இன்று

புரத அமைப்புகளில் பெரும்பாலானவை இன்று சின்க்ரோட்ரான் எனப்படும் வளைய வடிவ முடுக்கிகளில் உண்டாகும் வலிமையான எக்ஸ் கதிர்களைக் கொண்டு கண்டறியப்படுகின்றன. இந்தியாவில் இந்தூரில் உள்ள இண்டஸ்-2 முடுக்கியிலும் புரதப் படிகங்களுக்கென ஒரு கதிர்த்தடம் உண்டு. எந்த முடுக்கியில் எடுத்த தரவாக இருந்தாலும், உலகப் புரதத் தரவு வங்கியில் சேர்க்கும்போது ராமச்சந்திரன் வரைபடத்தில் எத்தனை அமினோ அமிலங்கள் அனுமதிக்கப்பட்ட தீவுகளுக்கு வெளியே விழுகின்றன என்று கணக்கிடப்படுகிறது. வெளியே அதிகம் விழுந்தால் அமைப்பில் பிழை இருக்கலாம் என்று பொருள். கணினி முன்கணிக்கும் புரத வடிவங்களும் இதே சோதனைக்கு உட்படுகின்றன.

அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் உள்ள அரங்கத்துக்கு முச்சுருளின் பெயரே சூட்டப்பட்டுள்ளது. முச்சுருள் சென்னையின் பெயரை அறிவியல் உலகுக்குக் கொண்டு சென்றது. ஆனால் அதைவிட நீண்ட காலம் பயன்பட்டது, அந்த அமைப்பில் ஒரு பகுதி தவறு என்று சொல்லப்பட்டபோது எழுந்த கேள்வியும், அதற்கு விடையாகக் கையால் கணக்கிட்டு வரையப்பட்ட அந்தச் சதுரப் படமும்தான்.